பொறியே உளி

நுழையும்முன்

பொருளைத் தேய்த்து அழிக்கும் ஆற்றலே, அளவோடு ஆளப்படும்போது பொருளை உருவாக்கும் கருவியாகிறது. ஒரு குறையைப் போக்க முனைந்த ஆய்வு அக்குறையையே பயனாக மாற்றிய வரலாற்றையும், வீட்டுப் பட்டறையில் மின்சுற்றுப் பலகை செய்வோருக்கு அது கைகொடுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மின்சாரம் ஓடும் இணைப்பைத் துண்டிக்கும்போது முனைகளுக்கிடையே சிறு பொறி தோன்றி மறையும். அப்பொறி, உலோகத்தில் கண்ணுக்குப் புலனாகாத குழியொன்றை விட்டுச் செல்கிறது. குழிகள் பெருகப் பெருக முனை தேய்கிறது. ஒருநாள் இயந்திரமே நின்றுபோகிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மாஸ்கோவில் போரிஸ் லசரென்கோ, நதாலியா லசரென்கோ என்னும் அறிவியல் இணையர், டங்ஸ்டன் இணைப்புமுனைகளின் தேய்மானத்தைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தனர். முனைகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தனர். தேய்மானம் நிற்கவில்லை. ஆயினும், எண்ணெய்க்குள் எழுந்த பொறிகள் காற்றில் எழுந்தவற்றைவிடச் சீராக உலோகத்தை அரித்தன. தடுக்க இயலாத அரிப்பை ஆள இயலுமன்றோ? ஆய்வு திசைமாறியது. 1943ஆம் ஆண்டில் மின்பொறியால் உலோகத்தைச் செதுக்கும் முறை பிறந்தது. உளிக்கு இடங்கொடாத வன்மையான எஃகும் அதற்குப் பணிந்தது.

மின்சுற்றுப் பலகையில், கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த மின்கடத்தாத் தட்டின்மேல் பொதுவாக 0.035 மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புப்படலம் ஒட்டப்பட்டிருக்கும். வேண்டாத செம்பை நீக்கினால் எஞ்சுவதே மின்சாரம் செல்லும் பாதை. வீட்டில் செய்வோர் பலரும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் செம்பைக் கரைப்பர். செம்பு கலந்த அக்கரைசல், சாக்கடையில் ஊற்றத்தகாத நச்சுக்கழிவாகிறது.

மின்பொறி முறைக்கு அக்கரைசல் வேண்டுவதில்லை. மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம், கூரிய மின்முனைக்கும் செம்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. அவ்விடத்துச் செம்பு உருகி ஆவியாகிறது; சூழ்ந்துள்ள நீர்மம் துகள்களை அகற்றி, வெப்பத்தைத் தணிக்கிறது. முனை செம்பை அழுத்துவதில்லை. ஆதலின் மென்படலம் கிழிவதில்லை. செம்பு நீங்கித் தட்டு வெளிப்பட்டதும், கடத்தும் பொருளின்மையால் அரிப்பு அவ்விடத்தில் தானே அடங்குகிறது.

எளிய முறையாயினும் இதற்குக் கருத்து வேண்டும். பொறியின் ஆற்றல் மிகுந்தால் பிசின் கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் பிரிக்கப்பட்ட பாதைகள் மீண்டும் இணையக்கூடும். சுற்றிலும் வெட்டப்பட்டுத் தீவாகிவிட்ட செம்புத்துண்டில் மின்தொடர்பு அறுவதால் மேலும் பொறி எழாது. எனவே, எதனை முதலில் வெட்டுவது, எதனை இறுதியில் வெட்டுவது என வகுத்துக்கொண்டே தொடங்க வேண்டும். செதுக்கும் முனையும் தேய்ந்துகொண்டே வரும். அதனையும் கணக்கில் கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் போன்ற நீர்மம் தீப்பற்றும். இணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆதலால் வல்லுநர் துணையின்றி இதனை முயலலாகாது.

இணைப்புமுனையைத் தேய்த்த பொறியும் செம்பில் பாதை வகுக்கும் பொறியும் ஒன்றே. அதன் அளவையும் இடத்தையும் காலத்தையும் மனிதர் வரையறுத்தனர், அழிவு ஆக்கமாயிற்று.