சுவரில் இட்ட கரிக்கோடுகள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

இக்கல்லூரியில் சேர்வதற்காக அப்பா கடன் வாங்கித் தந்த பணம் ஒரு பால்பவுடர் டப்பாவாக மாறியிருக்க வேண்டியது. அதைத் தடுத்தவர் எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர். ஊரார் அவரை 'நர்சம்மா' என்றே அழைப்பர். முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற அந்த அம்மையாரைப் பற்றி நம் மலரில் எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

2024ஆம் ஆண்டு சூன் மாதம் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். குழந்தையின் எடை 2 கிலோ 100 கிராம். வீட்டுக்கு வந்த மறுநாள் முதல் ஓயாத அழுகை. "பால் பத்தல, புள்ள பசியில துடிக்குது" என்றார் அப்பாயி. அக்காவும் அழுதாள். டவுனுக்குப் போய் டப்பா வாங்கி வர என்னை அனுப்பினார்கள். கையில் இருந்தது கட்டணப் பணம் ஒன்றுதான். பேருந்துக்குக் காத்திருந்த என்னைக் கண்டு நர்சம்மா தம் வண்டியை நிறுத்தினார்.

"எங்கப்பா கிளம்பிட்ட?"

சொன்னேன்.

"டப்பாவை நாளைக்கு வாங்கிக்கலாம். இப்ப வண்டியில ஏறு."

வீட்டில் அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கை கழுவிக்கொண்டு அக்காவின் அருகில் அமர்ந்து, பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். குழந்தை காம்பை மட்டுமே பற்றியிருந்தது. அதனால் அக்காவுக்கு வலி. வலிக்குப் பயந்து பாதியிலேயே எடுத்துவிடுவாள். நர்சம்மா குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறந்ததும் காம்பைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி சேர்த்தார். அதன் பிறகும் சோர்ந்து தூங்கிய பிள்ளைக்கு, பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டக் கற்றுத் தந்தார். துணி தடுக்காமல் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார்.

பின்பு அப்பாயியிடம் திரும்பி, "ஆத்தா, புள்ள ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒண்ணுக்குப் போகுதுன்னு நீங்கதான் எண்ணிச் சொல்லணும். ஆறு தரத்துக்குக் குறைஞ்சா உடனே எனக்கு ஆள் அனுப்புங்க" என்றார்.

அப்பாயிக்கு எழுதத் தெரியாது. சுவரில் கரியால் கோடு போட்டார். முதல் நாள் ஐந்து கோடுகள். உடனே ஆள் போயிற்று. நர்சம்மா வந்து, எடை பார்த்து, மீண்டும் அருகிருந்து பால் கொடுக்க வைத்தார். மூன்றாம் நாள் எட்டுக் கோடுகள். இரண்டு வாரத்தில் பிள்ளை பிறந்த எடையைத் தாண்டிவிட்டது.

அன்றிரவு அப்பாயி எனக்கு ஒரு செய்தி சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் இடையில் 2003இல் ஓர் ஆண் குழந்தை பிறந்ததாம். வழக்கப்படி சேனை வைத்து, சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுப் புட்டிப்பால் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் மாதம், கோடையில், வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விட்டது. சீம்பாலைக் கொடுக்கும்படி முதல் நாளே வாசலில் வந்து நின்ற நர்சம்மாவை, "புள்ள பெறாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று அப்பாயி விரட்டியிருக்கிறார். 2005இல் நான் பிறந்தபோது அதே வாசலுக்கு அவர் மறுபடியும் வந்தார். நான் குடித்த சீம்பால் அவர் பெற்றுத் தந்தது.

இதைப் பற்றி அவரிடமே கேட்டேன். "அன்னைக்கு நான் புத்தகத்துல படிச்சதை ஒப்பிச்சேன். ஆத்தாவைப் பேசவே விடல. அது என் தப்பு" என்றார். அப்பாயி கையில் கணக்கை ஒப்படைத்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

மாடு ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்து உண்கிறோம். நம் பிள்ளைக்கு உரியதை மட்டும் ஊற்றிவிட்டோம்! நோய் எதிர்ப்புப் புரதம் செறிந்த முதல் பால் அதுவே என்பதை வகுப்பில் படித்தேன். பிள்ளை சப்பும்போதுதான் தாயின் உடலில் புரோலாக்டினும் ஆக்சிடோசினும் சுரக்கின்றன. முன்னது பாலை உண்டாக்குகிறது, பின்னது வெளியேற்றுகிறது. டப்பாப் பால் வயிற்றை நிரப்பினால் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பாலும் குறையும். ஆகவே 'பால் பத்தவில்லை' என்று வாங்கும் டப்பாவே பால் பற்றாமல் செய்துவிடக்கூடும். இந்த டப்பாக்களுக்கு விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

நர்சம்மாவின் பணி வீட்டோடு நிற்கவில்லை. செங்கல் சூளையில் மண் மிதிக்கும் தாய்மார், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால் கூலி பிடிப்பார்கள். மேஸ்திரியிடம் மூன்று நாள் நடையாய் நடந்து, வேளைக்கொரு இடைவேளையும் ஒரு கீற்றுக் கொட்டகையும் வாங்கித் தந்தார். 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தபோது, "நம்ம கொட்டகை டவுனுக்குப் போயிடுச்சு" என்று சிரித்தாராம். அதே நேரத்தில், நோயாலோ மருந்தாலோ பால் கொடுக்க முடியாத தாயை எவரும் பழித்தால் அவர் பொறுக்கமாட்டார். டாக்டர் சொன்ன பாலைச் சுத்தமாகக் கரைக்கக் கற்றுத் தருபவரும் அவரே.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். படித்த பிள்ளை என்று டப்பா வாங்க நம்மைத்தான் அனுப்புவார்கள். அன்று பேருந்து ஏறுமுன் உங்கள் ஊர் நர்சம்மாவை ஒரு முறை தேடுங்கள்.

சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அந்தக் கரிக்கோடுகள் இருந்த இடத்தில் மட்டும் அப்பாயி மட்டையைப் படவிடவில்லை.