புகை வரும் வழிகள்

என் நோயைக் கிளப்பிவிடுகிறவர்களில் பெரும்பாலோர் என் மேல் பிரியம் உள்ளவர்கள். ஜலதோஷத்தோடு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பேரன், வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் மருமகள், கொசு கடிக்குமே என்று கட்டிலடியில் சுருள் ஏற்றிவைக்கும் கணவர். யார் மேலும் கோபப்பட முடியாது. இந்த நோயைச் சமாளிப்பதில் உள்ள சிக்கலே அதுதான்.

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் எனக்கு வயது 63. பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பத்து வயதில் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும், காஸ் இணைப்பு கிடைக்கும்வரை ஊதுகுழலும் கையுமாகத்தான் இருந்தேன். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்த டாக்டர், சி.ஓ.பி.டி. என்றார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். "அது சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு வர்றதில்லையா?" என்று கேட்டேன். "நுரையீரலுக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான்" என்றார். 1990இல் இந்தியாவில் சுமார் 2.8 கோடி பேருக்கு இருந்த இந்நோய், 2016இல் 5.5 கோடி பேருக்கு இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் என்னைப் போன்ற அடுப்படிப் பெண்களும் உண்டு.

இது முழுமையாகக் குணமாகிற நோயல்ல. இன்ஹேலர் உதவியால் பல மாதங்கள் அடங்கிக் கிடக்கும். திடீரென ஒருநாள் சீறும். அப்படிச் சீறும் ஒவ்வொரு முறையும் நுரையீரல் கொஞ்சம் பலத்தை இழக்கிறது. இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. அதனால் சீறாமல் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவரை ஒன்றும் செய்யாமலிருக்கலாம் என்பதால், ஒரு நோட்டு போட்டு எழுதச் சொன்னார் டாக்டர். மூச்சு மோசமான நாளில், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

ஒரு வருட நோட்டைப் புரட்டியபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஜூன் மாத இடவப்பாதியிலும் அக்டோபரில் துலாமழை துவங்கும்போதும் பக்கங்கள் நிறைந்திருந்தன. மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது சளி பிடிக்கும். மூன்றாம் நாள் எனக்கு இழுக்கும். சி.ஓ.பி.டி. சீறுவதற்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணமாம். வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் அதற்காகத்தான். ஈரச் சுவரில் பூத்த பூஞ்சணத்தைத் துடைத்த மறுநாளும் ஒரு பதிவு இருந்தது.

அடுத்தது கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள்களை வெளிவிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மகன் இதைப் படித்துக் காட்டிய அன்று மாலையே கணவர் கொசுவலை வாங்கிவந்தார். சாம்பிராணி முற்றத்துக்குப் போனது. மிளகாய் தாளிப்பதென்றால் மருமகள் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுவாள். நான் வாசல் திண்ணைக்குப் போய்விடுவேன்.

வெளியே வரும் புகை வேறு விதம். பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே உத்தரவிட்டது. நாடு முழுவதற்குமான தடை 2008இல் வந்தது. பஸ் நிறுத்தத்தில் என் போன்றவர்கள் நிற்க முடிவது அதனால்தான். ஆனால் விளப்பில்சாலைக் குப்பை ஆலை அவ்வூர் மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்ட பிறகு, நகரத்துக் குப்பை தெருவோரங்களில் எரிய ஆரம்பித்தது. எங்கள் அடுத்த வீட்டுச் சேச்சியும் காலையில் சருகோடு பிளாஸ்டிக்கையும் கூட்டி எரிப்பார். மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் நோட்டையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தேதிகளைப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. இப்போது சருகு அவர் தென்னைக்கு உரமாகிறது.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில சமயம் வரத்தான் செய்யும். சளி கூடுவது, வெள்ளையாக இருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, வழக்கமாக ஏறும் நாலு படிக்கே மூச்சு வாங்குவது, இன்ஹேலரை அடிக்கடி தேடுவது ஆகியவை எச்சரிக்கைகள். இவை தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ, அசாதாரணமாகத் தூக்கம் அமுக்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு. கேரளத்தில் இந்நோய்க்கென்றே அரசு குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'ஸ்வாஸ்' கிளினிக்குகள் இருக்கின்றன. இன்ஹேலரைச் சரியாக இழுக்கக்கூட அங்கே சொல்லித்தருகிறார்கள்.

நோட்டில் நான் எழுதத் தயங்கிய பதிவு ஒன்று உண்டு: ஆற்றுக்கால் பொங்காலை. கும்ப மாதத்தில் இந்த நகரமே அடுப்பாகிவிடும் நாள். 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டது கின்னஸில் ஏறியிருக்கிறது. கோயில் அடுப்பில் ஏற்றும் தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குத் தாவிப் பல கிலோமீட்டர் தூரம் போகும். மூன்று செங்கல், மண்பானை, தென்னையோலை, கண்ணெரியும் புகை. முப்பது வருடங்களுக்கு மேல் நானும் என் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பொங்கியிருக்கிறோம். கண்ணகியே இங்கு வந்து குடியிருப்பதாக நம்புகிற எங்களுக்கு அது எங்கள் ஊர்த் திருவிழா போலத்தான்.

தெருவுக்கு வரமாட்டேன் என்று நான் சொன்னபோது அவள், "ஒரு நாளைக்கு அம்மை பாத்துக்கிட மாட்டாளா மதினி?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்த கணக்கு மட்டும் நோட்டில் இருந்தது.

வழிகாட்டியது கொரோனாதான். 2021இல் பெண்கள் எல்லோரையும் வீட்டிலேயே பொங்கலிடச் சொன்னார்கள். 2023இல் தெருக்களுக்கு அடுப்புகள் திரும்பின, நான் திரும்பவில்லை. அன்று தெருப் பக்கத்து ஜன்னல்களைக் காலையிலேயே அடைத்துவிட்டு, பின்கட்டில் காஸ் அடுப்பில் சின்னப் பானையை வைத்துக் காத்திருக்கிறேன். தன் அடுப்புக்குத் தீ வந்ததும் நாத்தனார் போன் செய்வாள்: "மதினி, தீ வந்தாச்சு." அப்போது நானும் பற்றவைக்கிறேன்.