கீல் இருக்கும் இடம்

பிப்ரவரி 5, அலோர் ஸ்டார்

மினி காரின் மூக்கு இன்று கழன்றுவிட்டது. ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, மட்கார்டு இரண்டையும் முன் தகட்டையும் மாமாவும் நானும் பிரித்தெடுத்தோம். பானட்டோடு இவற்றைச் சேர்த்து ஒரே துண்டாக்கி, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும்படி செய்யப்போகிறோம். மினியில் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும். ரேடியேட்டர் ஒரு பக்கத்து மட்கார்டை ஒட்டி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால். சின்ன வேலைக்குக்கூடக் கை நுழையாது. மூக்கே எழுந்து போனால் எல்லாம் கண்முன் வந்துவிடும்.

இதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது. படம் வரைந்து கொடுத்து, சரி என்று வந்த பிறகுதான் துளைக்கருவியைக் கையில் எடுத்தோம்.

பிப்ரவரி 8

ஃபைபரில் வாங்கி மாட்டிவிடலாமே என்று கேட்காத ஆள் இல்லை. ஃபைபர் இலேசுதான். ஆனால் இடிபட்டால் விரிசல் விடும். இரும்புத் தகட்டை மெர்கோங் பக்கத்துப் பட்டறை எதிலும் தட்டி நிமிர்த்தலாம், வெட்டி ஒட்டலாம். 0.9 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. அந்தக் கனத்தை நான் மனமறிந்தே ஏற்கிறேன்.

இரும்பில் முடியும் என்பதற்கு ட்ரையம்ப் ஹெரால்டே சாட்சி. மிக்கெலோட்டி வரைந்த அந்தக் கார் 1959-இல் வந்தது. மட்கார்டோடு மூக்கு முழுவதும் முன்னால் கவிழும். 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தார்கள். அந்த மூக்கைத் திறந்து ரிப்பேர் பார்த்த தமிழ் மெக்கானிக்குகள் ஒரு தலைமுறையே உண்டு. ஜாகுவார் இ-டைப்பின் நீண்ட மூக்கும் இப்படித்தான் திறக்கும். ஆனால் நான் ஹெரால்டு கட்சி.

பிப்ரவரி 14

கீலை எங்கே வைப்பது? நான் சப்ஃபிரேமில் வசதியான ஓர் இடத்தைக் காட்டினேன். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் மாமா. “மாப்பிள்ளே, தகட்டத் தொடாதே. மொதல்ல அட்டையில ஆட்டிப் பாரு” என்றார்.

மட்கார்டின் பக்கத் தோற்றத்தை அளவு மாறாமல் அட்டையில் வெட்டி, கீல் இடத்தில் ஆணி அடித்துத் தூக்கினோம். மேல் ஓரம் கதவை விட்டு விலகி முன்னால் வந்தது. கீழ் மூலையோ கதவுப் பக்கம் நெருங்கியது! கணக்குப் போட்டால் புரிகிறது. அந்த மூலை கீலுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால், 10 சென்டிமீட்டர் கீழே. மேலே எழுந்து கீல் மட்டத்துக்கு வருவதற்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். நாங்கள் விடப்போகும் இடைவெளியே 4 மில்லிமீட்டர்தான். கீலைவிடத் தாழ்ந்த எதுவும் திறக்கும்போது பின்னால் இடிக்கும், உயர்ந்தது விலகும். கீலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதடோ தரையை நோக்கி இறங்கும்.

பிராக்கெட் போட்டுக் கீலைத் தாழ்த்தினோம். அப்படியும் மட்கார்டின் அடிமூலை கொஞ்சம் கீழேதான் நின்றது. அந்தத் துண்டை மட்டும் உடம்போடு விட்டுவிட்டு, வெட்டுக்கோட்டை மேலே ஏற்றச் சொன்னார் மாமா. அருமையான யோசனை.

பிப்ரவரி 22

அறுவடைக் காலம். மூடா வயல்களிலிருந்து கதிரறுக்கும் இயந்திரங்கள் எங்கள் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. நெல் காத்திருக்காது, மினி காத்திருக்கும்.

மார்ச் 3

முன் தகடு போனதால் உள் மட்கார்டுகள் இரண்டையும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முதலில் அவற்றுக்குக் குறுக்கே ஒரு குழாயைப் போல்ட் போட்டு முடுக்கினோம். வெளித்துண்டுக்கு உள்ளே 20 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் சட்டம். வெல்டிங்கை ஒரே இழுப்பில் இழுத்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகே அடுத்தது. மாமா அவசரப்படவே இல்லை. இந்த வண்டியின் அழகு அவருடைய அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 9

ஹெரால்டில் உள்ளதுபோல் பக்கத்துக்கு ஒரு கொக்கி. ஓடும்போது ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். எதிர்க்காற்றும் மூக்கை அமுக்கவே செய்யும். கனத்தைத் தாங்க, பழைய காரின் பின்கதவுக் கேஸ் கம்பிகள் இரண்டு.

விளக்கு ஒயர்களைக் கீலை ஒட்டியே கொண்டுபோகிறோம். அங்கே அவை முறுகுமே தவிர இழுபடா. நடுவில் ஒரு பிளக் வைத்தால் மூக்கை முழுதாகக் கழற்றியும் வைக்கலாம். நாளை பிளக்கை மாட்டி, ஹெட்லைட் மட்டத்தைச் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும்.