இடது கைக்கு மட்டை இல்லை!



கடம்பூர்னு சொன்னா எல்லாரும் போளியைத்தான் கேப்பாங்க. கோவில்பட்டின்னா கடலை மிட்டாய். ஆனா கோவில்பட்டிக்கு 'ஹாக்கிப்பட்டி'ன்னு இன்னொரு பேரும் உண்டு. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் இருந்தார். கோவில்பட்டியில் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் இருந்தார்.

நான் இடது கைக்காரி. பந்து எறிஞ்சாலும் இடது, எழுதினாலும் இடது. எங்க ஆச்சி, "பீச்சாங்கையால எதையும் குடுக்காதட்டி"ன்னு இன்னைக்கும் ஏசும். ஹாக்கி ஆட ஆசைப்பட்டு, இடது கைக்காரங்களுக்குத் தனி மட்டை உண்டான்னு பி.டி. சாரிடம் கேட்டேன். கிடையவே கிடையாதாம்! உலகம் பூராவும் ஒரே மாதிரி மட்டைதான். அதுல இடது பக்கம் தட்டை, பின்பக்கம் உருண்டை. உருண்டைப் பக்கம் பந்தைத் தொட்டா ஃபவுல். எனக்கு அழுகையே வந்துட்டுது.

அப்புறம் சார் மட்டையைப் பிடிக்கச் சொன்னார். மேலே இடது கை, கீழே வலது கை. பந்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாத்த மட்டையைத் திருப்பணும்ல, அதைத் திருப்புறது மேல இருக்கிற இடது கைதான். வலது கை சும்மா தாங்கிக்கிடும். வலது கைக்காரங்க எல்லாரும் இடது கையைப் பழக்கக் கஷ்டப்படுறாங்க, எனக்கு அது ஏற்கெனவே பழகின கை! ஆச்சிட்ட இதைச் சொன்னேன். நம்பலை.

அன்றிலிருந்து ஹாக்கிச் செய்தி எது கிடைச்சாலும் நோட்டில் எழுதி வைக்கிறேன். 1932 ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று ஜெயிச்சது. அதில் ஆடினதே மூணு நாடுதான். அதனால ரெண்டு மேட்சும் தோத்த அமெரிக்காவுக்கும் வெண்கலம்! 1952 இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட 6 கோலில் 5 பல்பீர் சிங் போட்டது. ஆண்கள் அணி வாங்கிய 8 தங்கத்தில் கடைசித் தங்கம் 1980, மாஸ்கோ. கேப்டன் நம்ம சென்னை வாசுதேவன் பாஸ்கரன்.

சட்டமும் மாறிக்கிட்டே வருது. 1998-ல் ஆஃப்சைடை எடுத்துட்டாங்க. முன்னே 35 நிமிஷம் ரெண்டு பாதி, இப்போ 15 நிமிஷம் நாலு பகுதி. 1976-லிருந்து ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை. புல்லில் ஆடிப் பழகின இந்தியா அந்த வருஷம் ஏழாவது இடம். தரை மாறினா ஆட்டமே மாறும்ங்கிறது கரிசல்ல ஆடுற நமக்குத் தெரியாதா? கோடையில் வெடிப்புல பந்து மாட்டும், ஐப்பசியில் மட்டையோட மண்ணும் சேந்து வரும்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது எதுக்குத் தெரியுமா? ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி 1908-லயே வந்துட்டுது. பெண்களுக்கு 1980-ல்தான். அந்த முதல் தடவையே நம்ம பெண்கள் நாலாவது இடம். 2021-ல் டோக்கியோவில் மறுபடியும் நாலாவது.

நம்ம பள்ளியில் பொம்பளைப் பிள்ளைங்க இப்போ எட்டுப் பேர் ஆடுறோம். டீமுக்குப் பதினொரு பேர் வேணும். சாயங்காலம் லேட்டாகுதுன்னு எங்க வீட்டுலயும் ஏசத்தான் செய்றாங்க. டீம் சேர்ந்துட்டா போட்டிக்குப் போக விடுறேன்னு அப்பா சொல்லியிருக்காங்க. மூணு பேர்தான் குறையுது. விருப்பம் உள்ளவங்க ஒன்பதாம் வகுப்புக்கு வந்து என்னிடம் பேர் கொடுங்க. வலது கைக்காரங்களும் வரலாம்.