முதலில் நகல், பிறகு ரிப்பேர்

ரிச்சி தெருவின் தரைத்தளம் விற்பவர்களுக்கு. பழுது பார்ப்பவர்களைத் தேடினால் மாடி ஏற வேண்டும். சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போகும் இந்தத் தெருவில் கேபிள், சார்ஜர், சிசிடிவி கேமரா, செகண்ட் ஹேண்ட் லேப்டாப் என்று கடைகள் வாசலுக்கு வெளியிலும் பரவிக் கிடக்கும். நடுநடுவே ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டுகள். அப்படி ஒரு படிக்கட்டின் முடிவில் இருந்த சர்வீஸ் கடையில்தான் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. தன் பெயரும் கடையின் பெயரும் வரக் கூடாது என்பது உரிமையாளரின் நிபந்தனை. “விளம்பரம்தானே அண்ணே?” என்றேன். “இங்க வர்றவங்க அவங்க வீட்டு போட்டோவையும் சேர்த்துத்தான் குடுத்துட்டுப் போறாங்க சார். கடையப் பத்திப் பத்திரிகையில வந்தா, நம்ம விஷயமும் வந்துடுமோன்னு பயப்படுவாங்க” என்றார்.

வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆன் ஆகல.” அவர் அதை உடனே நம்புவதில்லை. “ஃபேன் சுத்துதா? லோகோ வருதா? வட்டம் சுத்துதா? சுத்தி நின்னுடுதா, நீலத் திரை வருதா?” என்று வரிசையாகக் கேட்கிறார். ஒவ்வொரு பதிலும் பழுதின் இடத்தை ஒரு படி நெருங்குகிறது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். ரேம், திரை, விசைப்பலகை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடி, அங்கிருக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பூட்லோடர் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிட்டு விலகிக்கொள்ளும். சில நொடிகளில் நடந்து முடியும் இந்தக் கைமாற்றங்களில் எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. திரையே வராத டெஸ்க்டாப் ஒன்றை உதவிக்கு இருந்த தம்பி திறந்தான். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து, துடைத்து, திரும்பச் செருகினான். ஒரு பீப் சத்தம், லோகோ வந்துவிட்டது.

அடுத்து வந்தது ஒரு கணக்கர் அலுவலகத்து கம்ப்யூட்டர். நீலத் திரையில், தொடங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற செய்தி. ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் பயாஸுக்குள் போய் முதலில் தேதியைப் பார்த்தார். பல வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிமாஸ் பேட்டரி செத்துவிட்டது. அத்தோடு பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. அதில் டிஸ்க்கைப் படிக்கும் முறையும் மாறியிருந்தது. விண்டோஸ் ஏஎச்சிஐ முறையில் போடப்பட்டது. பயாஸ் இப்போது வேறு முறையில் டிஸ்க்கைக் காட்டுகிறது. நாணயம் போன்ற அந்த பேட்டரியை மாற்றி, அமைப்பைப் பழையபடி வைத்ததும் கணினி எழுந்தது. ஃபார்மட் போட்டிருந்தால் கணக்கு எல்லாம் போயிருக்கும். பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

பூட் பழுதில் பெரும்பகுதி இப்படிச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்தான் எம்பிஆர். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. அந்த இடம் எப்படிக் கெடும் என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்த பிள்ளைகள் அடுத்த தடவை ஆன் செய்தபோது, ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரை வந்து நின்றது. க்ரப் என்பது லினக்ஸின் பூட்லோடர். அதன் முதல் துண்டு எம்பிஆரில் இருக்கிறது. அது தேடும் மீதித் துண்டு அழித்த பார்ட்டிஷனோடு போய்விட்டது. “அந்த டைம்ல ஒரு கமாண்ட் போட்டு எம்பிஆரை மாத்தி எழுதியே நெறைய லேப்டாப் சரி பண்ணியிருக்கோம். விண்டோஸுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது” என்றார்.

இப்போதைய கணினிகளில் எம்பிஆரின் இடத்தை ஜிபிடியும், பழைய பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐயும் எடுத்துக்கொண்டன. பூட்லோடர் ஒரு சாதாரண கோப்பாக, ஃபேட்32 வடிவத்தில் இருக்கும் ஒரு சிறிய பார்ட்டிஷனில் கிடக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகத்துக்காகப் புதிதாக எஸ்எஸ்டி மாட்டி அதில் விண்டோஸ் போடுகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது. இன்ஸ்டாலர் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பூட் பார்ட்டிஷனிலேயே பூட்லோடரைப் போட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் புது எஸ்எஸ்டி தொடங்க மறுக்கிறது. “எஸ்எஸ்டி போச்சு” என்று கொண்டு வருவார்கள். எஸ்எஸ்டியில் பூட் பார்ட்டிஷன் ஒன்றை உண்டாக்கி, பூட்லோடர் கோப்புகளை அதில் எழுதினால் வேலை முடிந்தது.

தீர்வு இவ்வளவு எளிது என்று தெரிந்தும் அவர் உடனே அதில் கை வைப்பதில்லை. அவருடைய விதி வேறு: “டேட்டா வெளிய வர்ற வரைக்கும் டிஸ்க்கைப் படிக்கலாம், எழுதக் கூடாது.” பூட் சரிசெய்யும் கட்டளை எழுதும். செக் டிஸ்க் எழுதும். ஆன் ஆகாத விண்டோஸ் தானாகத் தொடங்கும் ரிப்பேரும் எழுதும். ஆரோக்கியமான டிஸ்க்கில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது பார்த்த பிறகுதானே தெரியும்? அதனால் அந்தக் கணினியின் விண்டோஸை எழுப்பாமலேயே உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் பென்டிரைவ்.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்களின் பையில், பழுது பார்க்கும் மென்பொருள்கள் அடங்கிய ஹைரன்ஸ் பூட் சிடி கட்டாயம் இருக்கும். 2012இல் வந்த 15.2 பதிப்போடு பழைய வரிசை நின்றுபோனது. பிறகு அதை விரும்பியவர்களே விண்டோஸ் 10 அடிப்படையில் புதிதாகக் கட்டி வெளியிட்டார்கள். சிடி போய் பென்டிரைவ் வந்ததும் இன்னொரு தொல்லை வந்தது: ஒரு மென்பொருளுக்கு ஒரு பென்டிரைவ். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, ரேம் சோதனைக்கு ஒன்று என்று மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்த ஒரு டப்பாவைத் தம்பி எடுத்துக் காட்டினான். இப்போது அந்த டப்பாவுக்கு வேலை இல்லை. 2020இல் சீன நிரலாளர் ஒருவர் வெளியிட்ட வென்டாய், பென்டிரைவை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிக்கிறது. 32 எம்பி மட்டும் தனக்கு. மீதி முழுக்க நமக்கு. அதில் ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி செய்வதுபோல் போட்டால் போதும். பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது எல்லாமே ஒரு பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அவருடைய பென்டிரைவில் விண்டோஸ் 10, 11, லினக்ஸ் மின்ட், புதிய ஹைரன்ஸ், க்ளோன்ஜில்லா, ஜிபார்ட்டட், மெம்டெஸ்ட் எல்லாம் இருந்தன. டிஸ்க் சந்தேகம் என்றால் அவர் கை முதலில் போவது லினக்ஸுக்கு. லினக்ஸ் பென்டிரைவிலிருந்து ரேமில் ஏறி ஓடும். உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கலாம். விண்டோஸ் வைரஸும் அங்கே ஓடாது. செக்யூர் பூட் இருக்கும் லேப்டாப்பில் முதல் தடவை வென்டாயின் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லிக் கேட்கும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் மாட்டிக்கொண்டு, செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள் என்று சலித்துக்கொண்டார்.

மாலையில் ஓர் அரிசி மண்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க் வந்தது. டேலி கணக்கு முழுக்க அதில்தான், வேறெங்கும் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தார். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அவர் கண்ணெதிரிலேயே ஏறியது. “இதுல செக் டிஸ்க் விட்டா இதோட கதை முடிஞ்சது” என்று தனியாக எடுத்து வைத்தார். இந்த மாதிரி டிஸ்க்குக்கு அவர் நம்புவது டிடிரெஸ்க்யூ. சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். முட்ட முட்ட டிஸ்க் இன்னும் சேதமாகும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடங்களைத் தாண்டிக் குதித்து நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க்குக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் அவர் தொடுவதே இல்லை. அது தூசியில்லாத அறையில் திறந்து பார்க்க வேண்டிய வேலை. இன்னொரு தடவை ஆன் செய்வதே கெடுதல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

நகல் தொடங்கும் முன் நடந்ததைக் குறித்து வைக்க வேண்டும். மூல டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை அவர் திரையைப் பார்த்து வாசித்தார். தம்பி, கையிலிருந்த டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து அதையே திரும்பச் சொன்னான். நகல் போகும் டிஸ்க்குக்கும் அப்படியே. லினக்ஸில் இரண்டு டிஸ்க்கின் பெயரும் ஓர் எழுத்தில்தான் மாறும். எழுத்து மாறிப்போனால் வெற்று டிஸ்க் மண்டிக் கணக்கின் மேல் ஏறிவிடும். நிறுவனங்களில் எழுதி ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்; இந்த அறைச் சுவரில் ஒன்றும் எழுதியில்லை, ஆனாலும் இந்த இரட்டை வாசிப்பு இல்லாமல் என்டர் விசை அழுத்தப்படவில்லை.

நல்ல டிஸ்க்குகளுக்கு க்ளோன்ஜில்லா. முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுக்கும் இந்தக் கலையைப் பிரபலமாக்கியது 1990களில் நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட். 1998இல் அதை சைமன்டெக் வாங்கியது. கட்டற்ற மென்பொருளாக அந்த இடத்துக்கு வந்த க்ளோன்ஜில்லா, தைவானின் உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவானது. தனக்குத் தெரிந்த கோப்பு முறைகளில் பயன்பாட்டில் இருக்கும் பகுதியை மட்டும் எடுப்பதால் வேகமாக முடியும். டைப்பிங் சென்டர், கோச்சிங் சென்டர் போன்ற இடங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரை முழுசாகத் தயார் செய்து, அதன் இமேஜை மற்றவற்றில் இறக்கித் தருகிறார். எடுத்த இமேஜை ஒரு தடவை வேறு டிஸ்க்கில் இறக்கி, தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே பில் போடுகிறார்.

முதலில் நகல் என்ற இந்த ஒழுங்கு முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் க்விக் ஃபார்மட் அட்டவணையைத்தான் மாற்றும். கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் வைத்து மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் போட்டதுமே, இந்த இடமெல்லாம் காலி என்று ட்ரிம் கட்டளை டிஸ்க்குக்கே போய்விடுகிறது. பிறகு தேடினால் பெரும்பாலும் வெறுமைதான். போதாததற்கு, டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். லேப்டாப்பில் பிட்லாக்கர் ஓடுகிறது என்பதே பல பேருக்கு அப்போதுதான் தெரியும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. நகல் எடுத்தாலும் பூட்டிய நகல்தான்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை அவர் தன் தொழிலுக்குச் சாட்சியாகச் சொன்னார். க்ரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்தால் சரி. ஆனால் பூட் ஆகாத கணினியைத் தூரத்திலிருந்து தொட முடியாமல், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. பலவற்றில் பிட்லாக்கர் சாவியைத் தேடி எடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. “அன்னைக்கு உலகம் பூராவும் எங்க வேலையத்தான் பார்த்தாங்க” என்று சிரித்தார்.

சிரிப்புக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஓஎஸ் போடுவதற்குத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரேட் உண்டு. டேட்டாவை எடுத்துவிட்டுப் போடுவதற்கு இன்னொரு ரேட். பேரம் நடப்பது அதில்தான். ஃபார்மட் வேகமாக முடிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. நகல் ஓடும்போது திரையில் ஒரு சதவீதம் மட்டும் ஏறுகிறது, “சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கா காசு?” என்று கேட்கிறார்கள். ஒரு கல்லூரி மாணவன், “பேக்கப் வேணாம்ணே, ஓஎஸ் மட்டும் போட்டுக் குடுங்க” என்றான். அவர் வாதாடவில்லை. லினக்ஸில் அவன் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து, நாற்காலியை நகர்த்தி, “நீயே பார்த்துச் சொல்லுப்பா” என்று உட்கார வைத்தார். ப்ராஜெக்ட் கோப்புகளைப் பார்த்ததும் அவன் பர்ஸை எடுத்தான். காப்பி முடியும் வரை அவனை அங்கேயே உட்கார வைத்தார்; கடையில் வேறு பிரதி தங்கவில்லை என்பதையும் அவனையே பார்க்கச் சொன்னார்.

இந்தத் தெருவுக்குப் போகிறவர்கள், பிட்லாக்கர் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். டிஸ்க்கில் சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்யாமல் இருக்கலாம். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு நேரத்தில் சரியாகும்?” என்பதாக இருக்க வேண்டாம். “தொடுவதற்கு முன் நகல் எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். எடுப்பேன் என்கிறவர் கேட்கும் கூடுதல் பணம், அவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கான கூலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு எழுதாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்.