பல் பிடுங்க வருகிறவர்களுக்கு

வருகிறவர்களுக்கு ஊசியைக் கண்டால் பயம். பக்கத்தில் நின்று மருந்தை எடுத்துக்கொடுக்கும் எனக்கு வேறு பயம். "பிரஷர், சுகர், இருதயத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா" என்பார்கள். பையைத் துழாவினால் மூன்று அட்டை இருக்கும்!

இதைக் கேட்பதற்குக் காரணம் ஊசி மருந்துதான். மரத்துப்போக நாங்கள் அதிகம் பயன்படுத்துவது 2 சதவீத லிக்னோகெய்ன். 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்தது. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தைப் போட்ட இடத்திலேயே நிறுத்தும். மரப்பு நீடிக்கும், ரத்தக் கசிவு குறையும். அதுவே நேராக ரத்தக்குழாய்க்குள் போனால் நெஞ்சு படபடக்கும். அதனால்தான் ஊசியைக் குத்தியதும் டாக்டர் பிஸ்டனை லேசாகப் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். அந்த நொடியில் என் கண்ணும் சிரிஞ்சில்தான்.

"போன தடவை ஊசி வேலையே செய்யலை" என்று சண்டைக்கு வருவோரும் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். டாக்டரைத் திட்டிப் பயனில்லை, வீங்கும்வரை தள்ளிப்போட்டதுதான் காரணம்.

அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால், மரப்பு விடும்வரை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.