எஸ் என்றால் சுப்பிரமணியம்

எங்கள் ஊர்ப்பக்கம் எஸ் என்ற இனிஷியலோடு திரிகிற சிலரை எனக்குத் தெரியும். ஒருத்தர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு அம்மா நர்ஸ். அந்த எஸ் என் தாத்தா சுப்பிரமணியம். ஆனால் இவர்களில் யாரும் எனக்குச் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. எல்லாம் ஆச்சி செய்த வேலை.

பாளையங்கோட்டையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஒரு இல்லத்துக்கு ஆச்சி வாரம் தவறாமல் போவாள். சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. பேன் பார்ப்பாள்; சிரங்குக்கு மருந்து போடுவாள்; காய்ச்சல்காரப் பிள்ளையை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். "பெரிய தர்மம் பண்ணுதீங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எரிச்சல் வந்துவிடும். "என்னத்த தர்மம்? கூடப் போயி நிக்கேன், அவ்வளவுதான்." அடக்கம் என்றுதான் கேட்டவர்கள் நினைத்தார்கள். எனக்கென்னவோ, அவள் தன் வேலையைச் சரியாக விவரித்துவிட்டாள் என்றே தோன்றுகிறது.

ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படலம். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு அப்போது ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொள்வார். காது எட்டாவிட்டால் ஆச்சி பின்னாலிருந்து முழங்கையை மெல்ல ஒரு தள்ளுத் தள்ளுவாள். இந்த மோசடியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்விதான் சிக்கல். ஒரு தடவை, தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்க்காமலே அந்தச் சின்னப் பெண்ணிடம் "அப்பா பேரு?" என்றார். அவள் முழங்காலில் காய்ந்திருந்த ஒரு புண்ணின் பொருக்கை நகத்தால் நெம்பிக்கொண்டு நின்றாள். மறுபடியும் கேட்டார். பொருக்கு பெயர்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஆச்சி முந்தானையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்துக்கொண்டே, குனிந்தபடியே, "சுப்பிரமணியம்னு எழுதுங்க" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். ஆச்சி தாத்தா பெயரைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என் முதுகில் இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் முருகனையே 'செந்திலாண்டவன்' என்றுதான் கும்பிடுவாள். சுப்பிரமணியர் என்று வாய் தவறிக்கூட வராது. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை. அந்த ஆயுசில் கொஞ்சம் எடுத்துத்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு எழுத்து வாங்கிக் கொடுத்தாள்.

தாத்தாவுக்கு விஷயம் தெரியும். பேப்பரை இறக்காமல், "இது எத்தனாவதுட்டீ?" என்று மட்டும் கேட்பார். பெரியப்பாதான் குதிப்பார்: "நாளைக்குச் சொத்துல பங்கு கேட்டு வந்து நிப்பாங்கம்மா!" ஆச்சி சொன்னாள்: "இருக்கது ஒரு வீடு. அதுவும் ஒழுகுது. வரட்டும், ஓடு மாத்தக் காசு கேப்போம்."

அப்பா பெயர் தெரியாததும் அம்மா யார் என்பதும் பிள்ளைகளின் குற்றமாகப் பார்க்கப்பட்ட நாடு இது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டதால்தான் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய தாயாரும் அதே சமூகத்திலிருந்து வந்தவர்தான். தகப்பன் பெயரைச் சொல்லாமலே மணமாகாத தாய் தன் பிள்ளைக்குச் சட்டக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஜூலை வரை ஆனது.

கூடப் போய் நிற்பதற்கும் இப்போது சட்டத்தில் பெயர் வந்துவிட்டது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் விசாரணை முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஒரு 'ஆதரவு நபரை'க் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று பிள்ளை போகிற இடமெல்லாம் அவரும் போக வேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு, விதிமுறை உண்டு. நல்லதுதான். ஆச்சி முழங்கையைத் தள்ளிய கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

ஜூன் மாதம் சேர்க்கை மேஜையில் உட்காருகிற ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அப்பா பெயரைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பிள்ளையைக் கேட்காதீர்கள். கூட வந்து நிற்பவரைக் கேளுங்கள்.